இடது பக்கம் வெறுமை

கண்டியில பெரிய பைக் வெச்சிருக்கிற பசங்க சேர்ந்து ஒரு கிளப் நடத்துறாங்க. அவங்க போடுற மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாங்கன்னு போன மாசம் வீட்டுக்கே வந்துட்டாங்க. "பெரிய பைக்கோட அழகுக்கு எப்படி மார்க் போடுறதுன்னு நீங்கதான் அங்கிள் எழுதணும்"னு கேட்டாங்க. ஒரே பக்கமாம்! சைலன்சரைப் பத்தி எழுதவே எனக்கு ரெண்டு பக்கம் வேணும்னேன். அவங்க சிரிச்சாங்க. நான் விளையாட்டுக்குச் சொல்லல.

என் பேரு மாணிக்கம், வீடு கண்டி மஹய்யாவயில. ஒரு காப்புறுதிக் கம்பெனியோட கண்டிக் கிளையில முப்பத்தொரு வருஷம் மோட்டார் சைக்கிள் மதிப்பீட்டாளரா இருந்துட்டு இப்ப வீட்டுல இருக்கேன். ஒரு வண்டி வந்தா அது என்ன வகை, எந்த நிலைமை, எதைக் கழட்டியிருக்கான், எதைப் பூட்டியிருக்கான்னு பார்த்து எழுதுறதுதான் வேலை. இப்ப அந்த வேலைய போன் செய்யுது. நாலு படம் எடுத்தாப் போதும், வகைய அதுவே சொல்லிருது. நல்லதுதான். கொட்டுற மழையில குனிஞ்சு சேசிஸ் நம்பர் தேடின முதுகு இது, நான் எதுக்குக் குறை சொல்லணும்? ஆனா அந்த போன் ஆள் ஏறாத வண்டியத்தான் படம் எடுக்குது. அந்தத் தப்ப நானும் ஒரு தடவை செஞ்சேன். அதனால ஒரு டீச்சரோட சீட்டே பறிபோகப் பாத்துச்சு. அந்தக் கதையத்தான் எழுதுறேன், பக்கம் கூடினா கிளப் பசங்க பார்த்துக்கட்டும்.

வேலை பழகின கதை பெரிசா ஒண்ணுமில்ல. ரெண்டு வருஷம் பெரியவங்க பின்னாடி கிளிப் போட்ட பலகையத் தூக்கிக்கிட்டு நடந்தேன். அந்தப் பெரியவங்கள்ல முக்கியமானவர் ஏகநாயக்க மாத்தியா. எங்க கிளையோட தலைமை மதிப்பீட்டாளர், சிங்களவர், மாத்தியான்னா அவங்க பாஷையில ஐயா, கட்டுகஸ்தோட்டையில வீடு. தமிழ் நல்லாவே பேசுவார், கோவம் வந்தா இன்னும் நல்லாப் பேசுவார்.

அவர் ஒரு வண்டியப் பார்க்கிற விதமே தனி. கிட்டப் போகவே மாட்டார். கையப் பின்னால கட்டிக்கிட்டு மூணு சுத்துச் சுத்துவார். முதல் சுத்து தூரத்துல, ரெண்டாவது கொஞ்சம் கிட்ட, மூணாவது சுத்துலதான் குனிவார். அந்த மூணு சுத்து முடியிற வரைக்கும் யாரும் வாயத் திறக்கக் கூடாது. வண்டிக்காரன் "இது ஜப்பான்ல இருந்து நேரா வந்த சாமான் சேர்"னு ஆரம்பிச்சான்னா, "ஐசே, வண்டி பேசட்டும்"னுவார். அப்புறம் பக்கத்துக் கடையில இருந்து ஒரு பனிஸ் பன்னும் பால் போடாத பிளேன்டீயும் வரணும். பனிஸ் பாதி தீரும்போதுதான் பென்சிலை எடுப்பார்.

வகை பிரிக்கிறதுக்கும் அவர்கிட்ட சொந்த முறை ஒண்ணு இருந்துச்சு. கம்பெனிப் படிவத்துல என்னென்னமோ இங்கிலீஷ் பேரு போட்டிருக்கும். அவர் அதை நம்பமாட்டார். "சொந்தக்காரனை ஏத்து. பக்கத்துல நின்னு அவன் முதுகைப் பார்"ம்பார். ஓடுறதுக்குன்னு செஞ்ச வண்டியில ஏறினவன் முதுகு குனியும். ஊர் சுத்துற வண்டியில நிமிரும். படுத்துக்கிட்டே போற மாதிரி செஞ்ச வண்டியில சாயும். குனிஞ்சது, நிமிந்தது, சாஞ்சது. எங்க கிளையில வகைன்னா அந்த மூணுதான். "ஆள் ஏறாம வகை எழுதாதே"ங்கிறத எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது.

இன்னொரு வேலையும் அவர்கிட்டதான் படிச்சேன். பெயின்ட் பார்க்கிறது. வெளிய பளபளன்னு இருக்கிறதப் பார்த்து ஏமாறக் கூடாது. சீட்டைக் கழட்டி, யாரும் பார்க்காத மூலையில, நகத்தால லேசாச் சுரண்டணும். மேல சிவப்பு, அதுக்குக் கீழ கறுப்பு, அதுக்கும் கீழ வெள்ளின்னு ஒவ்வொரு பூச்சா வெளிய வரும். வண்டிக்காரன் சொல்லாத கதையெல்லாம் அந்த மூலை சொல்லிரும். அதுல நான் கெட்டிக்காரன், அத நானே சொல்லிக்கிறதுல வெட்கமில்ல.

என் சொந்த வண்டியப் பத்தியும் சொல்லணும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒப்பீஸ்ல ஒரு நூத்தி இருபத்தஞ்சு சீசி குடுத்தாங்க. பிறகு அதை நானே வாங்கிக்கிட்டேன், இன்னைக்கும் அதுதான் ஓடுது. புதுசா வந்தப்ப இடது பக்கம் சாரி கார்ட் இருந்துச்சு. பின்னால ஒருபக்கமாத் திரும்பி உட்கார்றவங்களோட சேலை சக்கரத்துல மாட்டாம இருக்கக் கம்பிச் சட்டம், அதோட அடியில கால் வைக்க ஒரு தட்டு. ஒப்பீஸ்ல எல்லாரும் பார்த்துச் சிரிச்சாங்க. "என்னடா மாணிக்கம், கோழிக்கூடோட வந்திருக்கே?" மூணாவது நாளே கழட்டி வீட்டுக்குப் பின்னால எறிஞ்சிட்டேன். என் வீட்டுக்காரி புஷ்பம் அதை மதிலோரம் நட்டு, போஞ்சிக் கொடிய ஏத்தி விட்டா. அவ எதையும் வீணாக்க மாட்டா. வீட்டு கேட்டுக்குத் தீபாவளிக்குத் தீபாவளி பெயின்ட் அடிக்கிறதும் அவதான், வருஷத்துக்கு ஒரு கலர். "பச்சை கேட்டு வீடு"ன்னு அடையாளம் சொல்லி அனுப்பினா, வர்ற ஆள் அடுத்த வருஷம் நீல கேட்டுக்கு முன்னால முழிச்சிக்கிட்டு நிப்பான். என் வண்டியில மட்டும் அவ ஏறினதே இல்ல. கோயிலுக்கும் பஸ்தான், கடைக்கும் பஸ்தான். பயந்த சுபாவம்னு விட்டுட்டேன்.

இனி விஷயத்துக்கு வர்றேன். நான் ஓய்வுபெறுறதுக்கு ஆறு மாசம் முந்தி, இந்தக் கிளப் பசங்க ஒரு மைதானத்துல கண்காட்சி வெச்சாங்க. பெரிய வண்டிகளோட தோற்றத்துக்குப் போட்டி. நடுவர்கள் மூணு பேர். அப்பவே ஓய்வுபெற்றிருந்த ஏகநாயக்க மாத்தியா தலைமை. ரெண்டாவது நான். மூணாவது மடவளையில இருந்து றிபாய் டொக்டர். பல்லு டொக்டர், ஆயிரம் சீசி வெச்சிருக்கிறவர், தங்கமான மனுஷன், ஆனா வரிசை தப்பின எதையும் அவரால தாங்க முடியாது. "முன் லைட்டுல இருந்து வால் வரைக்கும் ஒரே கோடு ஓடோணும். அந்தக் கோட்டை எது வெட்டினாலும் மார்க் வெட்டுறதான்"ம்பார். ஏகநாயக்க மாத்தியாவுக்கு முதுகு, டொக்டருக்குக் கோடு, எனக்குப் பெயின்ட். காலையில இருந்தே மூணு பேருக்கும் சண்டை. ஒரு வண்டி சாஞ்சதா குனிஞ்சதான்னு அரை மணி நேரம் கத்தி, தொண்டை கட்டி, மூணு பேரும் இஞ்சிப் பிளேன்டீ குடிச்சோம்.

அப்பதான் எங்க மஹய்யாவ ரவீந்திரனைப் பார்த்தேன். லேத் பட்டறை வெச்சிருக்கிற பையன். ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலை பெக்டரிகளோட மெஷின் வேலையெல்லாம் அவன்தான் செய்யிறான். பழைய எழுநூத்தம்பது சீசி ஒண்ணை வாங்கி, மூணு வருஷமா அவனே கட்டின வண்டி. எனக்குப் பெருமையா இருந்துச்சு, நம்ம தெருப் பையனாச்சே. ஆனா இடது பக்கம் பார்த்தேன், சாரி கார்ட்! எழுநூத்தம்பது சீசியில சாரி கார்ட்! கிளப் பசங்க ரெண்டு பேர் அதைக் காட்டிக் காட்டிச் சிரிச்சிக்கிட்டிருந்தாங்க, ரவீந்திரன் காது சிவந்துபோய் நின்னான்.

"தம்பி, பையி, பெட்டி, கார்ட் எல்லாம் கழட்டி வெச்சிட்டுத்தான் மார்க்னு விதியில இருக்கு. இதை எடுத்துருவோம், மார்க் கூடும்"னேன்.

"கழட்டிருங்க அண்ணே"ன்னான், ஒரு நொடி கூட யோசிக்கல.

என் பையில எப்பவும் ஸ்பெனர் இருக்கும். நாலு போல்ட்டுத்தான். நானே கழட்டிப் புல்லுல வெச்சேன். நடுவர் செய்யிற வேலையா அது? நம்ம பையனுக்கு ஒரு உதவின்னு நெனச்சேன், அவ்வளவுதான்.

நிமிர்ந்து பார்த்தா எதிர்ல ஒரு சேலை கட்டின பொண்ணு, கையில குடை. ரவீந்திரனோட மனைவி கமலேஸ்வரி, ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்துல டீச்சர்.

"இதை யாரு கழட்டினது?"

ரவீந்திரன் வானத்தைப் பார்த்தான். நான்தான்னு ஒத்துக்கிட்டேன், விதியையும் சொன்னேன். டீச்சர் கோவப்படல. குனிஞ்சு அந்தக் கார்டை எடுத்து, புல்லைத் தட்டிட்டு, கக்கத்துல வெச்சிக்கிட்டாங்க.

"இவரு அந்தப் பக்கம் வேலைக்குப் போறப்ப நானும் இதுலதான் சேர் பள்ளிக்கூடத்துக்குப் போறேன். சேலையோட. இவரோட கூட்டாளிங்க கேலி பண்றாங்களாம். இன்னைக்கி இது இல்லாம மார்க் கூடுதலா வந்துச்சுன்னா, இனிப் பூட்ட மாட்டேன்னுட்டாரு. நாளையில இருந்து எனக்கு அஞ்சு மணி பஸ்தான். ரெண்டு பஸ் மாறணும்."

"கமலா, இங்க வெச்சு எதுக்கு அதெல்லாம்?"னான் ரவீந்திரன்.

"வேற எங்க வெச்சுச் சொல்றது? வீட்டுல சொன்னாத்தான் காது கேக்க மாட்டேங்குதே."

விதி விதிதானே டீச்சர்னு முணுமுணுத்துட்டு, பலகையத் தூக்கிக்கிட்டு மத்த ரெண்டு நடுவர்களையும் கூட்டிட்டு வந்தேன்.

ஏகநாயக்க மாத்தியா மூணு சுத்துச் சுத்தினார். ரவீந்திரனை ஏறச் சொன்னார். முதுகு நேரா நின்னுச்சு. "நிமிந்தது"ன்னார். நான் சீட்டைக் கழட்டி மூலையில சுரண்டினேன். ஒரே பூச்சு, சுத்தமான வேலை, எதையும் மறைக்கல. பெயின்டுக்கு முழு மார்க் போட்டேன். போட்டுட்டு டீச்சரைப் பார்த்தேன், அவங்க என்னைப் பார்க்கல.

டொக்டர் குந்திட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "வேலை நல்லா ஈக்கிது. ஆனா இதென்ன இது? ரெண்டு சைலன்சரும் வலப்பக்கம். இடப்பக்கம் ஒண்டுமே இல்ல. ஒரு பக்கத்துப் பல்லை மட்டும் புடுங்கின வாய் மாதிரி."

உண்மைதான். அந்த மாதிரி வண்டிக்கு சைலன்சர் பக்கத்துக்கு ஒண்ணா வரும். ரவீந்திரன் இடது குழாயை வண்டிக்கு அடியால வளைச்சுக் கொண்டுபோய் வலது பக்கமே விட்டிருந்தான். அந்த வளைவு லேசான வேலையில்ல. ஆனா எதுக்குன்னு எங்க மூணு பேருக்கும் புரியல. ரவீந்திரனைக் கேட்டோம். அவன் கூட்டாளிங்களை ஒரு பார்வை பார்த்துட்டு, "சும்மா ஒரு ஸ்டைலுக்கு"ன்னான். டொக்டர் கோட்டுக்குப் பத்துல மூணு போட்டார். ஏகநாயக்க மாத்தியாவும் தலையாட்டினார்.

"சேர், அந்தத் தாளைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

டீச்சர்தான். குடுக்கக் கூடாதுன்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள தாள் அவங்க கையில. பரீட்சைத் தாள் திருத்துற பார்வை. மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை ஓடி, அந்த மூணுல வந்து நின்னுச்சு.

"ஏழு மார்க் குறைச்சிருக்கீங்க. காரணம் எழுதல. எங்க பள்ளிக்கூடத்துல மூணாம் வகுப்புப் பிள்ளைக்குக் குறைச்சாக்கூடக் காரணம் எழுதணும்."

"அது நியாயம்தானே. எழுது மாணிக்கம்"னார் ஏகநாயக்க மாத்தியா. நான் எழுதினேன்: இடது பக்கம் வெறுமை.

டீச்சர் அதை வாசிச்சாங்க. அப்புறம் கக்கத்துல இருந்த கார்டை எடுத்து எனக்கு முன்னால நீட்டினாங்க.

"அதை வெறுமையாக்கினது யாரு சேர்?"

ஐயோ! முப்பத்தொரு வருஷத்துல எத்தனையோ வண்டிக்காரங்ககிட்ட வாங்கிக் கட்டியிருக்கேன். அப்படி ஒரு கேள்வி யாரும் கேட்டதில்ல. ஏகநாயக்க மாத்தியா மெதுவா என் பக்கம் திரும்பினார். "ஐசே மாணிக்கம். இந்த வண்டியில அது இருந்துச்சா? நீ கழட்டினியா?"

"விதியில இருக்கு சேர்..."

"ஆள் ஏறாம வகை எழுதாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"ரவீந்திரன் ஏறினானே சேர்."

"பாதி ஆள்தானே ஏறினது!"

டொக்டர் விடுவாரா? கார்ட் கழட்டுற சாமான், கழட்டுற சாமான் அழகுல சேராது, விதி விதிதான்னு எழும்பிட்டார். அப்ப உங்க வண்டியோட கண்ணாடியையும் கழட்டிட்டு வாங்கன்னார் ஏகநாயக்க மாத்தியா. கூட்டம் கூடிருச்சு. கேலி பண்ணின பசங்க ரெண்டு பேரும் முன் வரிசையில. கடைசியில ஏகநாயக்க மாத்தியா கையத் தூக்கினார். "ஹரி, ஹரி, சரி. தலைமை நடுவர் நான். பூட்டு. பூட்டிப் பார்த்துட்டு சண்டை போடுவோம்."

நான் மண்டி போட்டு நாலு போல்ட்டையும் திரும்ப முறுக்கினேன். அப்பதான் அந்தக் கார்டை ஒழுங்காவே பார்த்தேன். சிக்குக் கோலம். டீச்சர் தாள்ல போட்டுக் குடுத்த கோலத்தை ரவீந்திரன் ஒரே கம்பியில, வெட்டாம, வளைச்சு வளைச்சு எடுத்திருக்கான். ஒட்டு எங்கன்னு விரலால தேடினேன். மொத்தச் சட்டத்துக்கும் ஒரே ஒரு ஒட்டு. இதையா நான் புல்லுல தூக்கி வெச்சேன்?

ரவீந்திரன் ஏறினான். டீச்சர் குடையை மடக்கி, சேலைய ஒதுக்கி, ஒருபக்கமாத் திரும்பி ஏறி, தட்டுல கால் வெச்சு, பையை மடியில வெச்சிக்கிட்டாங்க. அவ்வளவுதான். சைலன்சர் ஏன் வலது பக்கம் போச்சுன்னு மைதானத்துல இருந்த எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு. சுடுற குழாய் அவங்க கால்கிட்ட வரக் கூடாது, வேற ஒண்ணுமில்ல. வலது பக்கம் ரெண்டு குழாயோட பாரம், இடது பக்கம் டீச்சர். வண்டி சமமா நின்னுச்சு.

டொக்டர் மறுபடி குந்தினார். விரலை முன் லைட்டுல இருந்து ஓட்டிக்கிட்டே வந்து, டேங்கைத் தாண்டி, சீட்டுக்குக் கீழ இறங்கி, கோலத்துக்குள்ள புகுந்து, அதுல சுத்தோ சுத்துன்னு சுத்தி வாலுக்குப் போனார். விரல் எங்கயும் நிக்கல. "கோடு ஈக்கத்தான் செய்யுது"ன்னார். அப்படியும் முழு மார்க் குடுக்கலயே! விதியை மதிக்கணுமாம். பத்துல எட்டு.

"இது நிமிந்ததா சேர்?"னு கேட்டேன்.

ஏகநாயக்க மாத்தியா பனிசைக் கடிச்சிக்கிட்டே ரெண்டு முதுகையும் பார்த்தார். ஒண்ணு ரோட்டைப் பார்த்து நிமிர்ந்திருந்துச்சு, இன்னொண்ணு மலையைப் பார்த்துத் திரும்பியிருந்துச்சு. "ஐசே, இத்தனை வருஷமா நான் ஒரு முதுகைத்தானே பார்த்தது"ன்னு சொல்லிட்டு, என்கிட்ட இருந்து தாளை வாங்கி, நான் எழுதின காரணத்தைப் பென்சிலால வெட்டினார். "இப்ப எழுது. இடது பக்கம் ஆள் இருக்கு." எழுதினேன்.

முதல் பரிசு கிடைக்கல, பேராதனைப் பக்கத்து வண்டி ஒண்ணுக்குப் போச்சு. ரவீந்திரனுக்கு ரெண்டாவது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னான். டீச்சர் மார்க் தாளை விரிச்சு, வகுப்புல வாசிக்கிற குரல்ல, கேலி பண்ணின பசங்களுக்கும் கேட்கிற மாதிரி, அந்தக் கடைசி வரிய ரெண்டு தடவை வாசிச்சாங்க. "விளங்கிச்சா?"

"விளங்கிச்சு டீச்சர்"னான் ரவீந்திரன். கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. அந்தப் பசங்கள்ல ஒருத்தன் மெதுவா அவன்கிட்டப் போய், "மச்சான், எனக்கும் ஒண்ணு அடிச்சுத் தர எத்தனை நாளாகும்?"னு கேட்டதை என் காதால கேட்டேன்.

கிளம்பும்போது டீச்சர் சிரிச்ச முகமா என்கிட்ட வந்தாங்க. "உங்க வீட்டம்மா வரலையா சேர்?"

"அவ என் வண்டியில ஏற மாட்டா டீச்சர். பயம்."

"கேட்டீங்களா?"

கேட்டதே இல்ல. ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு வண்டியைத் திருப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்தா புஷ்பம் பின்னால போஞ்சி பறிச்சிக்கிட்டிருந்தா. வண்டிய நிறுத்திட்டு நேரா அங்கயே போய்க் கேட்டேன். "புஷ்பம், என் வண்டியில ஏற ஒனக்குப் பயமா?"

போஞ்சியை மடியில போட்டுக்கிட்டே என்னைப் பார்த்தா. "எனக்கென்ன பயம்? கால் வைக்க எடம் எங்க இருந்துச்சு?"

சொல்லிட்டு உள்ள போயிட்டா. நான் அந்தக் கொடிக்கு முன்னால நின்னேன். இலைய விலக்கினேன். முப்பது வருஷக் கண்டி மழையில மண்ணுல நின்ன கம்பிச் சட்டம். மதிப்பீட்டாளர் நான், தினமும் அதைத் தாண்டித்தான் குளிக்கப் போறேன். அதுல ஒரு பொட்டுத் துரு இல்லைங்கிறதை அன்னைக்குத்தான் கண்டேன்.

கால் வைக்கிற தட்டுக்கு அடியில, யாரும் பார்க்காத மூலையில, நகத்தால சுரண்டினேன். மேல பச்சை. பச்சைக்குக் கீழ நீலம். நீலத்துக்குக் கீழ காவி, அதுக்கும் கீழ சாம்பல், திரும்பப் பச்சை. எங்க கேட்டு இத்தனை வருஷமாப் போட்டுக்கிட்ட கலர் எல்லாம் வரிசையா வந்துச்சு. அதுக்கு மேல என்னால எண்ண முடியல. கண்ணைத் துடைச்சிக்கிட்டு, ஸ்பெனர் எடுக்கப் போனேன்.